நிபிகன் ஆற்றுக்கு ஒரு சாமான் பட்டியல்

வழிகாட்டி அனுப்பிய பட்டியலில் முதலாவதாக இருந்தது காலுறை. கம்பளிக் காலுறை மூன்று சோடி, பருத்தி வேண்டாம். இரண்டாவது மழைச்சட்டை. மூன்றாவது முகத்தை மூடும் நுளம்பு வலை. தூண்டில் தடி ஏழாவது இடத்தில்தான் வந்தது. அதற்குப் பக்கத்தில் 'இல்லாவிட்டால் பரவாயில்லை, என்னிடம் இருக்கிறது' என்று ஒரு குறிப்பு. ரொறன்ரோவில் இருந்து நாங்கள் நான்கு பேர் யூலை மாதம் நிபிகன் ஆற்றுக்குப் போகிறோம். நான்கு பகல், மூன்று இரவு. கரையில் கூடாரம், பகலில் ட்ரவுட் மீனுக்கு ஃபிளை ஃபிஷிங். நால்வரில் மூவருக்கு மீன் என்றால் கடல்மீன்தான். ஓர் ஆற்றுமீனைத் தேடி 1,300 கிலோமீற்றர் கார் ஓடுவதை வீட்டில் எவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

விளங்கப்படுத்துவதற்காகத்தான் இந்த ஆற்றைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்க, எங்கள் கையில் இருக்கும் பட்டியல் புதியது அல்ல என்று தெரிந்தது. நூற்றைம்பது ஆண்டுக்கு அண்மையாக இதே ஆற்றுக்கு ஏறக்குறைய இதே சாமான்களோடு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். மாவு, தேயிலை, கம்பளி, தூண்டில், பூச்சிமருந்து, வழிகாட்டி. இந்தக் கடைசிச் சொல் எப்போதும் ஒரு சாமானைப் போலவே பட்டியலில் வந்து போகிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

*

நிபிகன் நீளமான ஆறு அல்ல. வடக்கே நிபிகன் ஏரியில் புறப்பட்டுத் தெற்கே சுப்பீரியர் ஏரியில் சேரும்வரை 48 கிலோமீற்றர்தான். ஆனால் சுப்பீரியர் ஏரிக்குள் வந்து விழும் ஆறுகளில் இதுவே பெரியது. அணைகள் வருமுன் வழிநெடுக அருவிகளும், பாறைகளில் மோதி நுரைத்து ஓடும் இடங்களும் இருந்தன. இடையிடையே ஆறு அகன்று ஹெலன், ஜெஸ்ஸி, மரியா என்று பெயர் பெற்ற சிறு ஏரிகளாகும். குளிர்ந்த, தெளிந்த, ஒட்சிசன் நிறைந்த நீர். புரூக் ட்ரவுட்டுக்கு வேண்டியது அதுதான்.

அழகான மீன் அது. பச்சை முதுகில் புழு ஊர்ந்த தடம்போலக் கோடுகள். விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி. வயிற்றுச் செட்டைகளின் ஓரத்தில் சுண்ணாம்பு தீட்டியது போன்ற வெள்ளைக் கீற்று. கிழக்கு அமெரிக்காவின் சிற்றோடைகளில் இது கைநீளத்துக்கு மேல் வளர்வது அரிது. நிபிகனில் மட்டும், பேரேரியின் உணவில் கொழுத்து ஆற்றுக்கு ஏறிவரும் மீன்கள் பல இறாத்தல் எடைக்கு வளர்ந்தன. நியூயோர்க்கிலும் பொஸ்டனிலும் இருந்த தூண்டில்காரர்களுக்கு அந்தச் செய்தி எட்டியபோது, அவர்களுடைய சொந்த ஓடைகளில் மரம் அறுக்கும் ஆலைகள் வந்து மீன் குறைந்துகொண்டிருந்தது.

ஆறு ஆளில்லாமல் கிடக்கவில்லை. அது ஒஜிப்வே மக்களின் ஊர். ஆறு ஏரியில் சேரும் இடத்துக்கு அருகே, நீரில் இருந்து நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவரில் அவர்கள் முன்னோர் செங்காவியால் வரைந்த உருவங்களை வள்ளத்தில் போனால் இன்றும் காணலாம். ஆற்றுவாயில் ஹட்சன்ஸ் பே கம்பனி ஒரு தோல் வாங்கும் நிலையம் வைத்திருந்தது. கம்பனிக்குத் தோலும் மீனும் கொண்டுவந்தவர்களும் வள்ளம் வலித்தவர்களும் அவர்கள்தான்.

1850 செப்டெம்பர் 7ஆம் திகதி சூ செயின்ற் மரியில் வில்லியம் பெஞ்சமின் ரொபின்சன் என்பவர் பிரித்தானிய முடியின் சார்பில் சுப்பீரியர் ஏரியின் வடகரைத் தலைவர்களுடன் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். வடகரை நிலம் முழுவதற்கும் உடனடியாக 2,000 பவுண்; பிறகு ஆண்டுதோறும் 500 பவுண். நிலத்தின் வருமானம் கூடினால் ஆண்டுத் தொகையும் கூடும் என்று ஒரு வாசகம். அதோடு இன்னொரு வாசகம்: தனியாருக்கோ கம்பனிக்கோ கொடுக்கப்பட்ட இடங்கள் தவிர மற்ற எங்கும், இதுவரை செய்துவந்ததைப் போலவே அவர்கள் வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம். இந்த இரண்டு வாசகங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் கடைசியில் திரும்ப வரும்.

*

தொடக்கத்தில் மீன் தேடி வந்தவர்கள் நீராவிக் கப்பலில் சுப்பீரியர் ஏரி வழியாக வந்தார்கள். 1885இல் கனேடிய பசிபிக் ரயில் பாதை வடகரையைத் தொட்டு ஓடத் தொடங்கியதும் நிபிகன் ஒரு ரயில் நிலையமாயிற்று. மொன்றியலில் ஏறிப் படுத்தால் ஆற்றங்கரையில் இறங்கலாம். அன்றில் இருந்து 1920 வரையான முப்பத்தைந்து ஆண்டு நிபிகனின் பெரும்புகழ்க் காலம்.

அந்தப் பயணத்துக்கு ஆயத்தம் செய்வது பல மாத வேலை. வீட்டில் இருந்து கொண்டுவர வேண்டியது ஒரு பட்டியல். ஊரில் வந்து வாங்க வேண்டியது இன்னொன்று.

வீட்டுப் பட்டியலில் முதலாவது தடி. சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் பாரம் நூலை இழுத்துக்கொண்டு போகும். ஃபிளை ஃபிஷிங்கில் முனையில் இருப்பது ஊசியில் கட்டிய இறகும் உரோமமும். அதற்குப் பாரமே இல்லை. ஆகவே நூலையே பாரமாகச் செய்து, தடியின் வளைவால் அதைச் சாட்டைபோல முன்னும் பின்னும் வீச வேண்டும். மீனுக்குப் பூச்சி வந்து நீரில் இறங்கியதாகத் தோன்ற வேண்டும். கி.பி. 200 வாக்கில் ஏலியன் என்ற ரோம எழுத்தாளர், மக்கெதோனியர் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் ஊசியில் கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். வித்தை பழையது, தடிதான் மாறியது. 1840களில் பென்சில்வேனியாவில் சாமுவேல் ஃபிலிப்பி என்ற துப்பாக்கிக் கம்மியர் மூங்கிலைப் பட்டையாகப் பிளந்து ஒட்டித் தடி செய்யும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு வந்தவர்கள் ஆறு பட்டைகளை அறுகோணமாக ஒட்டினார்கள். அந்த மூங்கிலுக்குக் கடைக்காரர் இட்ட பெயர் 'கல்கத்தா'. இந்தியாவில் இருந்து கப்பலேறிப் போன மூங்கில் அது. சீன மூங்கில் பிந்தித்தான் வந்தது.

நூல் பட்டு. மிதப்பதற்காகக் கொழுப்புப் பூச வேண்டும். ஒவ்வொரு மாலையும் சுருளில் இருந்து அவிழ்த்து மரத்துக்கு மரம் கட்டி உலர்த்த வேண்டும், அல்லது உக்கிப்போகும். நூலின் முனையில் ஊசியைக் கட்டும் மெல்லிய இழை, ஸ்பெயினின் மூர்சியாப் பகுதியில் பட்டுப்புழுவின் சுரப்பியை வினாகிரியில் ஊறவைத்து இழுத்து எடுத்தது. உலர்ந்திருந்தால் முறியும். ஈரக் கம்பளித் துண்டுகள் வைத்த ஒரு தகரப்பெட்டியில் அதை நனைத்தே வைத்திருப்பார்கள்.

அடுத்தது பூச்சிப் புத்தகம். ஊசிகளைச் செருகி வைக்கும் தோல் புத்தகம் அது. 1892இல் மேரி ஓர்விஸ் மார்பரி வட அமெரிக்கா முழுவதிலும் இருந்து தூண்டில்காரர்கள் எழுதிய கடிதங்களைத் தொகுத்து, எந்த நீருக்கு எந்தப் பூச்சி என்று வண்ணப் படங்களோடு ஒரு பெரிய நூலை வெளியிட்டார். வெர்மொன்ற் மாநிலத்தில் அவருடைய மேற்பார்வையில் பெண்கள் உட்கார்ந்து பூச்சி கட்டினார்கள். அவர்கள் காலத்துப் பூச்சி கட்டும் மேசைகளில் உலகத்துப் பறவைகள் எல்லாம் கிடந்தன. அவற்றில் ஒன்றுக்கு முன் நான் கொஞ்சம் நின்றேன். ஆங்கிலத்தில் அதைக் காட்டுச்சேவல் என்ற பொருளில் அழைக்கிறார்கள். கழுத்து இறகின் நுனியில் மெழுகு சொட்டி உறைந்ததுபோல மஞ்சள் வெள்ளைப் பொட்டு. நீருக்குள் அந்தப் பொட்டு சிறுமீனின் கண்ணைப்போல மின்னும். அதனால் சமன் மீனுக்கும் ட்ரவுட்டுக்கும் கட்டும் பூச்சிகளில் அதற்கு நிகரில்லை என்றார்கள்.

அந்தப் பறவை சாம்பல் காட்டுக்கோழி. மேற்குத்தொடர்ச்சி மலையும் தென்னிந்தியக் காடுகளும்தான் அதன் வீடு. சங்கப் பாடல்களில் கானக்கோழி என்று வருகிறதே, அந்தக் குலம். அதன் விஞ்ஞானப் பெயரில் இருக்கும் சொனெரா, புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு இயற்கையியலாளர். வன்னியில் நாங்கள் கண்ட காட்டுக்கோழி வேறு இனம். அதன் கழுத்தில் இந்தப் பொட்டு இல்லை. இறகு வணிகத்தின் கொள்ளை அளவு மீறிப்போனதால் 1902இல் இந்திய அரசு பறவைத் தோலும் இறகும் ஏற்றுமதி செய்வதைத் தடை செய்தது. இன்று தூண்டில்காரர் வாங்கும் இறகு வளர்ப்புப் பறவையினுடையது. ஒரு நூற்றாண்டுக்கு முன் நிபிகனில் வீசப்பட்ட பூச்சிகளில் நம் மலையின் இறகும் இருந்திருக்கும். பட்டியல் எழுதியவருக்கு அது ஒரு கடைச்சரக்கின் பெயர் மட்டுமே.

*

நுளம்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆற்றைப் பற்றி எவரும் எழுதியதில்லை. யூன் மாதம் கறுப்பு ஈ, யூலையில் நுளம்பு, இரண்டும் ஓய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத கொசுகு. 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதிய ஜோர்ஜ் வொஷிங்டன் சியர்ஸ் 1884இல் வெளியிட்ட காட்டுவாழ்வுக் கையேடு அக்காலத் தூண்டில்காரருக்கு வேதம். அதில் அவர் தரும் மருந்து: பைன் மரத்தார் மூன்று அவுன்ஸ், ஆமணக்கெண்ணெய் இரண்டு அவுன்ஸ், புதினா இனத்துப் பெனிரோயல் தைலம் ஒரு அவுன்ஸ். மெல்லிய தீயில் காய்ச்சிப் போத்தலில் அடைத்து, முகத்திலும் கையிலும் தடித்த பூச்சாகப் பூச வேண்டும். பூசியபின் கழுவக்கூடாது. சிறுவயதில் மாதத்துக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றப்பட்ட அந்த எண்ணெயின் மணம் எனக்குத் தெரியும். அதோடு தாரும் சேர்ந்தால் நுளம்பு மட்டுமல்ல, பக்கத்துக் கூடாரக்காரரும் வரமாட்டார்.

சியர்ஸ் சொன்ன அறிவுரையின் சாரம் பாரத்தைக் குறை என்பது. ஐந்தடி மூன்று அங்குல உயரமான, நெஞ்சு நோயாளியான அந்த மனிதர் தன் சாமானைத் தானே சுமந்தவர். 1883இல் அடிரொண்டாக் மலை ஏரிகளில் அவர் ஓட்டிய வள்ளத்தின் எடை பத்தரை இறாத்தல்தான். ஆனால் நிபிகனுக்கு வந்த பெரும்பாலோருக்கு அந்த அறிவுரை தேவைப்படவில்லை. அவர்கள் சுமக்கப்போவதில்லை.

*

ரயிலில் இறங்கியதும் இரண்டாம் பட்டியல். கம்பனிக் கடையில் மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, அவரை, தேயிலை, சீனி, கூடாரம், போர்வை, வள்ளம் எல்லாம் கிடைக்கும். வழிகாட்டிகளும் அங்கேதான் பேசி முடிக்கப்படுவார்கள். ஒரு தூண்டில்காரருக்கு ஒரு வள்ளம், ஒரு வள்ளத்துக்கு ஒஜிப்வே வழிகாட்டிகள் இருவர் என்பது ஆற்றின் வழமையாயிற்று. நான்கு கனவான்கள் வந்தால் எட்டு வழிகாட்டிகள். வந்தவர்கள் எழுதிய பயணக் கட்டுரைகளில் நான்கு பெயர்கள் முழுமையாக இருக்கும். எட்டுப் பேரும் பெரும்பாலும் 'எங்கள் இந்தியர்கள்'. தப்பினால் ஒரு முதற்பெயர்.

அந்த எட்டுப் பேரும் என்ன செய்தார்கள் என்று பார்த்தால்தான் பயணம் என்னவென்று தெரியும். வள்ளம் அவர்கள் கைவண்ணம். பேர்ச் மரத்தின் பட்டையை ஒரே விரிப்பாக உரித்து, தேவதாரு வகை மரத்தின் சட்டங்களில் போர்த்தி, ஸ்புரூஸ் வேரால் தைத்து, அதன் பிசினைக் காய்ச்சித் தையலை அடைத்த வள்ளம். பாறையில் உரசிக் கிழிந்தால் கரையில் ஏற்றி, பக்கத்து மரத்துப் பிசினால் அரைமணி நேரத்தில் ஒட்டிவிட்டுப் போகலாம். எந்தத் தொழிற்சாலை வள்ளத்துக்கும் அன்று அந்த வசதி இல்லை.

பிறகு சுமை. ஆற்றை எதிர்த்து ஏறும் பயணம் அது. அருவியும் நுரையோட்டமும் வரும்போதெல்லாம் வள்ளத்தையும் சாமானையும் கரையேற்றி, காட்டு வழியே தூக்கிக்கொண்டு மேலே போய் மறுபடி நீரில் இறக்க வேண்டும். தோல் வணிகக் காலத்துக் கணக்கில் ஒரு பொதி 90 இறாத்தல். ஒரு நடைக்கு ஓர் ஆளுக்கு இரண்டு பொதி. பொதியைக் கட்டிய தோல்வாரின் அகன்ற நடுப்பகுதியை நெற்றியில் மாட்டி, முன்னுக்குக் குனிந்து, கழுத்தாலும் முதுகாலும் சுமந்தார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அந்த வாரைப் பார்த்தபோது எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மலையகத்தில் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிச் சரிவில் ஏறும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கழுத்தின் வலி தெரியும்.

மலையகம் என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நுவரெலியாவின் ஓடைகளிலும் நீலகிரியிலும் வெள்ளைக்காரர்களுக்கு இதே பொழுதுபோக்கு வேண்டியிருந்தது. அங்கே ட்ரவுட் இல்லை. ஆகவே முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்கவைத்து ஓடையில் விட்டார்கள். அங்கே மீன்தான் வந்தேறி. நிபிகனில் மீன் முன்பே இருந்தது. மீன் எந்த மாதத்தில் எந்தக் குழியில் நிற்கும் என்று தெரிந்த மனிதர்களும் முன்பே இருந்தார்கள்.

அந்த அறிவைத்தான் வந்தவர்கள் உண்மையில் கூலிக்கு வாங்கினார்கள். தடியும் நூலும் எவ்வளவு விலை கூடியதாக இருந்தாலும், வள்ளத்தை நுரையோட்டத்தின் நடுவே, எந்தப் பாறைக்குப் பின்னால் எத்தனை நொடி பிடித்து நிறுத்துவது என்பது பின்னால் நிற்பவர் கையில் இருந்தது. வீசுபவர் வீசினார். மீனின் வாய்க்கு நேரே அவரைக் கொண்டுபோய் நிறுத்தியவர் வேறு.

இதற்கிடையில் சட்டம் மாறிக்கொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மீன்பிடிச் சட்டங்கள் ட்ரவுட்டைத் தூண்டிலால் மட்டுமே பிடிக்கலாம் என்ற பக்கம் சாய்ந்தன. பொழுதுபோக்குக்குப் பிடிப்பவரின் கருவி ஒழுங்காயிற்று. உணவுக்குப் பிடித்தவரின் வலையும் ஈட்டியும் களவாயின. 1850 உடன்படிக்கை 'இதுவரை செய்துவந்ததைப் போலவே' என்று சொல்லியிருந்தது. ஆனால் ஆற்றுக்குள் போக அனுமதிச்சீட்டு எழுதிக்கொடுத்த அதிகாரியின் மேசையில் அந்தத் தாள் இல்லை. தன் ஆற்றில் தன் முறையில் மீன் பிடிக்க முடியாதவர், அதே ஆற்றில் இன்னொருவர் மீன் பிடிப்பதற்கு வழிகாட்டினார். குடும்பம் நடத்த அந்தக் கூலியும் தேவைப்பட்டது.

*

நிபிகனின் பெயரை உலகம் அறிந்தது ஒரு மீனால். ஃபோர்ட் வில்லியம் என்ற ஊரில் (இன்றைய தண்டர் பேயின் ஒரு பகுதி) வைத்தியராக இருந்த ஜே. டபிள்யூ. குக் ஒரு யூலை மாதத்தில் பதினான்கரை இறாத்தல் எடையுள்ள புரூக் ட்ரவுட்டுடன் ஆற்றில் இருந்து திரும்பினார். உலக சாதனைப் பட்டியல் 1916 என்கிறது. ஊர்க்காரர் 1915 என்கிறார்கள். ஆண்டு எதுவானாலும், நூறு ஆண்டு தாண்டியும் அந்தச் சாதனையை எவரும் முறியடிக்கவில்லை.

சாதனைப் பட்டியலில் நிரல்கள் இருக்கின்றன: மீன், எடை, நீளம், இடம், திகதி, பிடித்தவர். வழிகாட்டி என்று ஒரு நிரல் இல்லை. அந்த மீன் வைத்தியரின் கையால் பிடிபட்டதே அல்ல, வழிகாட்டி பிடித்தது என்றும், இறகுப் பூச்சிக்கு அல்ல, 'கொக்கட்டூஷ்' என்று ஊரில் அழைக்கப்படும் சிறுமீனுக்குத்தான் அது கடித்தது என்றும் நிபிகன் பக்கத்தில் ஒரு கதை நெடுங்காலமாக உண்டு. கதை உண்மையா என்று தீர்ப்பது என் வேலை அல்ல. நான் கவனிப்பது வேறு: அப்படி ஒரு கதை நிலைத்து நிற்பதற்கு, பட்டியலில் ஒரு நிரல் இல்லாததே போதும்.

கொக்கட்டூஷ் பெரிய தலையும் அகன்ற பக்கச் செட்டையும் கொண்ட, கல்லடியில் ஒளிந்து வாழும் விரல்நீள மீன். பெரிய ட்ரவுட் உண்மையில் தேடித் தின்பது அதைத்தான் என்று ஆற்றின் மக்களுக்குத் தெரியும். 1930களின் பிற்பகுதியில் நிபிகனில் விடுதி நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த டொன் கேபன் அதைப்போலவே ஒரு பூச்சி கட்டினார். வான்கோழி இறகில் சிறகு. மான் உரோமத்தைத் திரட்டி வெட்டி அந்தப் பெரிய தலை. 'மட்லர் மினோ' என்று பெயர் பெற்ற அது இன்று உலகில் ட்ரவுட் உள்ள எல்லா நாடுகளிலும் வீசப்படுகிறது. கேபனின் கைத்திறன் அவருடையதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எதைக் கட்ட வேண்டும் என்ற அறிவு அவருக்கு முன்பே ஆற்றில் இருந்தது. எங்கள் வழிகாட்டியின் பட்டியலில் பதினோராவது சாமான் அந்தப் பூச்சிதான்: ஆளுக்கு ஆறு, முள்ளில்லாத ஊசியில்.

*

1919 செப்டெம்பரில் வேல்ஸ் இளவரசர், பிறகு எட்டாம் எட்வேர்ட் ஆனவர், கனடாச் சுற்றுப்பயணத்தின் நடுவே இந்த ஆற்றில் மீன் பிடித்தார். அந்தப் பழைய ஆற்றை முழுதாகக் கண்ட கடைசி விருந்தினர்களில் அவரும் ஒருவர். 1920இல் கமரன் அருவியில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1930களின் தொடக்கத்தில் அலெக்சாண்டர் அணை. 1943இல், வடக்கே ஜேம்ஸ் குடாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்த ஒகோக்கி ஆற்றின் நீர் திருப்பப்பட்டு நிபிகன் ஏரிக்குள் விடப்பட்டது. போர்க்காலத் தொழிற்சாலைகளுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. 1950இல் பைன் போர்ட்டேஜ் அணை. பயணக் கட்டுரைகளில் படித்த வேர்ஜின் அருவி, பெயர்பெற்ற நுரையோட்டங்கள், சுமைவழிகள், கூடாரத் தளங்கள் என்று பெரும்பகுதி நீருக்குள் போனது. பழைய பயண வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்று அந்த ஆற்றில் ஏற முடியாது.

மூழ்கியது தூண்டில்காரரின் நினைவுகள் மட்டுமல்ல. நிபிகன் ஏரியின் கரையில் இருந்த வைற்சாண்ட் மக்களின் ஊரும் 1940களில் ஏரி உயர்ந்தபோது நீருக்குள் போனது. அவர்கள் இடம் பெயர்ந்தார்கள். இதை வாசிக்கும் நம்மில் பலருக்கு இந்த வாக்கியத்தை நீட்டி எழுதத் தேவையில்லை.

மீனும் குறைந்தது. புரூக் ட்ரவுட் இலையுதிர் காலத்தில், நிலத்தடி ஊற்று மேலே கசியும் சரளைக்கல்லில் முட்டையிடும். மின் தேவைக்கேற்ப நீர்மட்டத்தைக் குளிர்காலத்தில் இறக்கினால் முட்டை காற்றில் கிடந்து உறையும். 1990களில்தான் நீர்மட்டத்தை மீனுக்காகவும் கட்டுப்படுத்தும் ஏற்பாடுகள் வந்தன. இன்று ஒருவர் ஒரு மீனுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதுவும் 56 சென்ரிமீற்றருக்குக் கூடியதாக இருக்க வேண்டும். பெரும்பாலோர் பிடித்ததை விட்டுவிடுகிறார்கள். ஆறு மெல்லத் தேறி வருகிறது.

இனி அந்த இரண்டு வாசகங்கள். வருமானம் கூடினால் தொகை கூடும் என்று 1850இல் எழுதியது. 1875இல் அந்தத் தொகை ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு டொலராயிற்று. பிறகு மரம், சுரங்கம், மின்சாரம், ரயில், மீன்பிடிப் பயணம் என்று அந்த நிலம் எத்தனை கோடி தந்தாலும் நான்கு டொலர் நான்கு டொலராகவே நின்றது. சுப்பீரியர் பகுதிக்காக நீதிமன்றம் சென்றவர்கள் இரண்டு சமூகங்கள். ஒன்று இந்த ஆற்றின் ஹெலன் ஏரிக்கரையில் இருக்கும் ரெட் ரொக். மற்றது ஊர் மூழ்கிய வைற்சாண்ட். 2024 யூலை 26ஆம் திகதி கனடாவின் உச்ச நீதிமன்றம், முடி தன் வாக்கை மானமற்ற முறையில் மீறியது என்று தீர்ப்பளித்தது. பழைய பயணக் கட்டுரைகளில் 'எங்கள் இந்தியர்கள்' என்று வந்தவர்கள், வழக்கின் தலைப்பில் தங்கள் சமூகத்தின் பெயரோடு வந்தார்கள்.

*

கிழக்குக் கனடாவும் மேற்குக் கனடாவும் இந்த நாட்டுக்குள் தரைவழியே சந்திப்பது நிபிகன் ஆற்றுப் பாலத்தில்தான். 2016 சனவரியில், திறந்து சில வாரங்களே ஆன புதிய பாலத்தின் தளம் குளிரில் மேலெழும்பியபோது நாடு ஒரு நாள் இரண்டாகப் பிரிந்து நின்றது. அந்தப் பாலத்தால் எத்தனையோ தமிழ் லொறிச் சாரதிகள் வாரந்தோறும் போகிறார்கள். கீழே ஓடுவது என்ன ஆறு என்று கேட்டால், நானும் சென்ற ஆண்டுவரை சொல்லியிருக்க மாட்டேன். இந்த நாட்டில் எங்களுக்கு வீடு கிடைத்தது, பத்திரம் கிடைத்தது. அந்தப் பத்திரத்துக்கு முந்திய தாள்கள் இருக்கின்றன என்பது எந்தக் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தபோதும் எனக்கு உறைக்கவில்லை. காலுறைப் பட்டியலொன்றுதான் அதைச் சொல்லித் தந்தது.

பட்டியலை முடித்துவிட்டோம். கம்பளிக் காலுறை வாங்கியாயிற்று. மீன்பிடி அனுமதி எடுத்தாயிற்று. தாரும் ஆமணக்கெண்ணெயும் வேண்டாம் என்று நால்வரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். எங்கள் வழிகாட்டி அந்தக் கரையில் பிறந்தவர். அவர் பாட்டனாரும் இதே வேலை செய்தவராம். தொலைபேசியில் கதைத்தபோது, "எத்தனை பெரிய மீன் கிடைக்கும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். "ஆறு கொடுக்கிற அளவு" என்றார்.

மீன் கிடைத்தால் ஒரு படம் எடுத்துவிட்டு நீரிலேயே விடுவோம். படத்தின் கீழே எழுதும்போது பிடித்தவர் பெயருக்கு முன் வழிகாட்டியின் பெயரை எழுதுவது என்று பேசி வைத்திருக்கிறோம். அவருக்குச் சம்மதமா என்று முதலில் கேட்க வேண்டும்.